போன் அவளுடையது, பூட்டு யாருடையது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவுக்கு ஒரு தங்கச்சி வந்தாள். ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவள். கையில் போனைத் தூக்கிக் காட்டி, "அண்ணே, தொறக்கவே மாட்டேங்குது, என்னான்னு பாருங்க" என்றாள். வாங்கிப் பார்த்தேன். திரை முழுக்க ஒரு கடன் நிறுவனத்தின் அறிவிப்பு. தவணை கட்டவில்லை, ஆகவே இந்தக் கருவி முடக்கப்பட்டிருக்கிறது, இந்த எண்ணுக்கு அழையுங்கள். அந்த எண்ணையும் அவசர அழைப்பையும் தவிர வேறு எதுவும் வேலை செய்யவில்லை.

மாதம் ஆயிரத்து நானூற்று ஐம்பது, பத்து தவணை. ஏழு கட்டிவிட்டாள். எட்டாவது தவணை நேரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல். நாலு நாள் வேலைக்குப் போகவில்லை, சம்பளம் கழிந்தது, கணக்கில் பணம் இல்லாததால் தவணை திரும்பிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் ஏறியிருக்கிறது. ஆனால் அதை எடுத்துக் கட்ட அவளுக்கு இருக்கும் ஒரே வழி யுபிஐ. அது பூட்டிய போனுக்குள் இருக்கிறது. கட்டுவதற்குக் காசு இருக்கிறது, கட்டும் கையைக் கட்டிவிட்டு "கட்டு" என்கிறார்கள்.

கடைசியில் என் போனிலிருந்து கட்டினோம். திறக்க மதியம் ஆகிவிட்டது. அதற்குள் ஆலை வேன்காரர் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். எடுக்கவில்லை என்றதும் அன்றைய ஷிப்டுக்கு வேறு ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஒரு நாள் கூலி போனது. அதை யார் கணக்கில் எழுதுவது?

இதைப் படிக்கும் தம்பி தங்கைகள் பலருக்கு இது புதிதாக இருக்காது. உங்கள் வீட்டிலேயே இப்படி ஒரு போன் இருக்கலாம். கடையில் வேலை பார்க்கும் பையன் போனை முதல்முறை இயக்கும்போதே ஒரு செயலியை ஏற்றிவிடுகிறான். அது நாம் ஏற்றும் வாட்ஸ்அப் மாதிரியான செயலி இல்லை. போனின் நிர்வாகி என்ற அதிகாரம் அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அழிக்க முடியாது. போனை முழுவதும் துடைத்துப் புதிதாக்கினாலும் இணையம் வந்ததும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆண்ட்ராய்டில் கடன் கொடுப்பவர்களுக்கென்றே 'டிவைஸ் லாக் கன்ட்ரோலர்' என்று ஒன்றை கூகுள் வைத்திருக்கிறது. சாம்சங்கில் அதற்கு 'நாக்ஸ் கார்டு' என்று பெயர். இன்னும் பல நிறுவனங்கள் இதையே தொழிலாகச் செய்கின்றன. எந்த போனில் எது என்பது முக்கியமில்லை. ஏற்பாடு ஒன்றுதான்: போன் உங்கள் சட்டைப் பையில், அதிகாரம் வேறொருவர் கையில்.

கடன் வாங்கினால் கட்டத்தானே வேண்டும் என்று கேட்பார்கள். கட்டத்தான் வேண்டும். அவளும் கட்டினாள். கேள்வி அதுவல்ல. வண்டிக்குத் தவணை கட்டவில்லை என்றால் அறிவிப்பு அனுப்ப வேண்டும், எடுத்துப் போவதற்கென்று நடைமுறை இருக்கிறது, அதை மீறினால் வழக்குப் போடலாம். போனுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு சர்வர் இரவு பன்னிரண்டு மணிக்கு முடிவெடுக்கிறது. இன்னொன்று, வண்டி வண்டி மட்டும்தான். போன் அப்படியா? சம்பளம், மகளிர் உரிமைத் தொகை வந்த குறுஞ்செய்தி, பிள்ளையின் பள்ளிக்கூடத் தகவல், ஆலை வேன், கேஸ் சிலிண்டருக்கு ஓடிபி எல்லாம் அதற்குள். வட்டி கட்டாத வீட்டில் அண்டா குண்டாவைத் தூக்கிக்கொண்டு போன கதையை நம் பாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இவர்கள் அண்டாவைத் தூக்குவதில்லை. வீட்டுக்கு வெளியே பூட்டுப் போட்டுவிட்டு உள்ளே இருப்பவளிடம் வட்டி கேட்கிறார்கள்.

ரிசர்வ் வங்கிக்கு இது தெரியாமல் இல்லை. 2022 செப்டம்பரில் டிஜிட்டல் கடனுக்கு அது வகுத்த நெறிமுறையில், கடன் செயலிகள் கடன் வாங்கியவரின் தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், கோப்புகள் ஆகியவற்றைத் தொடக்கூடாது என்று சொன்னது. அதாவது போன் ஒருவரின் அந்தரங்க இடம் என்பதை ஒப்புக்கொண்டது. 2024இல் போனைப் பூட்டும் பழக்கத்தை நிறுத்தச் சொன்னதாகவும், 2025 செப்டம்பரில் 'முன் ஒப்புதல்' பெற்றுப் பூட்டுவதை அனுமதிக்கலாமா என்று பரிசீலிப்பதாகவும் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஒப்புதல்! கடைக் கவுண்டரில் நின்றுகொண்டு, ஆங்கிலத்தில் பதினைந்து பக்கம் ஓடும் ஒப்பந்தத்தில் விரலால் கிறுக்குவதற்குப் பெயர் ஒப்புதல். 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வருவதற்கு முன்னால் நம் தாத்தன்மார் பண்ணையில் வைத்த கைநாட்டும் ஒப்புதல்தான்.

இனி இந்தக் கடன் நிறுவனத்தை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அவனால் எப்படிப் பூட்ட முடிகிறது? போன் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவர் அதில் கடைசி அதிகாரி இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 2024 டிசம்பரில் ஆண்டாள் கோயிலில் இளையராஜா அர்த்த மண்டபத்துக்கு வெளியே நின்ற படம் நாடு முழுக்கச் சுற்றியது. அர்ச்சகர்களைத் தவிர யாருக்கும் அங்கே அனுமதி இல்லை, இது சாதி சம்பந்தப்பட்டதல்ல என்று அறநிலையத் துறை விளக்கம் சொன்னது. தன் சுயமரியாதையை விட்டுக்கொடுக்கவில்லை, வதந்தியை நம்ப வேண்டாம் என்று அவரும் சொன்னார். அந்த விவாதத்துக்குள் இப்போது போகவில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: எல்லோரும் வரலாம், ஆனால் இந்தப் படி வரைக்கும்தான் என்பது ஒரு அமைப்பு முறை. நம் போனிலும் அந்தப் படி இருக்கிறது. படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், செயலி ஏற்றலாம், உண்டியலில் காசு போடலாம். கணினிக்காரர்கள் 'ரூட்' என்று சொல்லும் கருவறைக்குள் மட்டும் போக முடியாது. உள்ளே நின்று பூஜை செய்கிறவர் போன் செய்த நிறுவனம், கூகுள், சில வேளைகளில் கடன்காரர், சில வேளைகளில் அரசாங்கம்.

இதில் கசப்பான ஒரு வேடிக்கையும் உண்டு. ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ் கெர்னல். அது 1991இலிருந்து உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் எழுதிக் குவித்த பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற உரிமத்தில் இருப்பது. அதை அஸ்திவாரமாகப் போட்டுக் கட்டடம் எழுப்பிவிட்டு வாசலில் ஆள் நிறுத்திவிட்டார்கள். கல் சுமந்தவனை உள்ளே விடாத கோயில்கள் நமக்குப் புதிதா என்ன?

சட்டம் திறந்துவிடும் என்று நம்புகிற தம்பிகளுக்கு மகாட் குளத்தை நினைவுபடுத்துகிறேன். பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. 1924இல் மகாட் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. தாளில் குளம் திறந்தே இருந்தது. 1927 மார்ச் 20இல் பாபாசாகேப் தொண்டர்களோடு நடந்துபோய்த் தண்ணீர் அள்ளும்வரை நம்மவர் யாரும் அதில் வாய் நனைக்க முடியவில்லை. நனைத்த பிறகு அடி விழுந்தது.

போன் விஷயத்திலும் தாளில் ஒரு குளம் திறந்தது. 2022 அக்டோபர் 20இல் இந்தியப் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்டு சந்தையில் தன் பலத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதத்தைவிட முக்கியம் கூடவே போட்ட உத்தரவுகள்தான். போனோடு வரும் கூகுள் செயலிகளை நாம் அழிக்க முடிய வேண்டும், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி ஏற்றுவதைத் தடுக்கக் கூடாது, வேறு செயலிக் கடைகளையும் பிளே ஸ்டோர் வழியாகக் கொடுக்க அனுமதிக்க வேண்டும். அடுத்த மார்ச் 29இல் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உத்தரவுகளில் நான்கை நீக்கிவிட்டது. நான் மேலே சொன்ன மூன்றும் அந்த நான்கில் அடக்கம். அரசுக்குச் சேர வேண்டிய பணம் உறுதியானது, நமக்குச் சேர வேண்டிய உரிமை போனது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

அதற்குள் அடுத்த கதவு. 2025 ஆகஸ்டில் கூகுள் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. இனி ஆண்ட்ராய்டில் எங்கிருந்து செயலி ஏற்றினாலும், அதை எழுதியவர் கூகுளிடம் தன் அடையாளத்தைக் காட்டிப் பதிவு செய்திருக்க வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடக்கம், 2027 முதல் மற்ற நாடுகள். கட்டற்ற செயலிகளைத் தரும் எஃப்-டிராய்டு திட்டத்தினர் இது தங்களையே மூடிவிடும் என்றார்கள். எதிர்ப்புக்குப் பிறகு, விவரம் தெரிந்தவர்கள் எச்சரிக்கைகளைத் தாண்டி ஏற்றிக்கொள்ள ஒரு வழி வைப்போம் என்று நவம்பரில் கூகுள் இறங்கிவந்தது. 'விவரம் தெரிந்தவர்கள்' யார் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பை நேர்மையாகக் கேட்க வேண்டும். ஏனென்றால் அது பொய்யில்லை. 'கல்யாணப் பத்திரிகை' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தொட்டுப் பணத்தை இழந்தவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். 'பிஎம் கிசான்', 'வண்டி அபராதம்' என்ற பெயர்களிலும் வருகிறது. கதவைத் திறந்துபோட்டால் திருடன்தான் முதலில் வருவான். பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் கணினிக்குள் யாரோ தீம்பொருளை அனுப்பி ஆவணங்களை வைத்தார்கள் என்று அமெரிக்காவின் ஆர்சனல் நிறுவனம் 2021இல் அறிக்கை கொடுத்தது. இப்படிப்பட்ட நாட்டில், இறுக்கமான போன் நம்மைப் போன்றவர்களுக்குப் பாதுகாப்பு இல்லையா?

பாதுகாப்புதான். எனக்கும் என் வீட்டுக் கதவுக்குப் பூட்டு வேண்டும். சாவி என் மடியில் இருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. மோசடி ஏபிகேயைத் தடுக்கும் வேலியை வையுங்கள், அம்மாவுக்கு அது வேலியாகவே இருக்கட்டும். அவளுக்கு வேண்டும்போது, தெரிந்து, தன் விருப்பத்தில் திறக்கும் திறவுகோலையும் அவளிடமே கொடுங்கள். இது ஒன்றும் செய்ய முடியாத காரியமில்லை. கூகுளின் பிக்சல் போனிலேயே இதைச் செய்யலாம். பூட்டைத் திறந்து வேறு இயங்குதளத்தை ஏற்றி, தன் சாவியால் திரும்பப் பூட்டிக்கொள்ள முடிகிறது. அதே தொழில்நுட்பம் பத்தாயிரம் ரூபாய் போனில் ஏன் இல்லை? இன்னொன்றையும் பாருங்கள். பாதுகாப்பு என்ற பெயரில் மூடப்பட்ட அதே போனில் கடன் நிறுவனத்துக்கு மட்டும் பின்வாசல் திறந்தேதான் இருக்கிறது.

ஒரே வாசல் என்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வாசல் ஒன்றாக இருந்தால் அரசாங்கத்துக்கு வேலை மிச்சம். 2019இல் ஹாங்காங் போராட்டத்தின்போது போலீஸ் எங்கே நிற்கிறது என்று காட்டிய வரைபடச் செயலியை ஆப்பிள் தன் கடையிலிருந்து எடுத்தது. 2025 அக்டோபரில் அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகளின் நடமாட்டத்தைப் பகிர்ந்த 'ஐஸ்பிளாக்' செயலியையும், அங்கத்திய நீதித் துறை கேட்டதும் எடுத்தது. ஐபோனில் வேறு வழியாக ஏற்ற இடமில்லாததால் கதை அங்கேயே முடிந்தது. ஐரோப்பாவில் சட்டம் போட்டு 2024இல் வேறு கடைகளுக்கு வழி விட வைத்தார்கள். நம் ஊரில் 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது எத்தனை காலனிப் பிள்ளைகளின் மேடை ஒரே ராத்திரியில் போனது என்பதை யாரும் எழுதவில்லை. 2024 மார்ச்சில் கட்டணத் தகராறில் சென்னையின் பாரத்மேட்ரிமோனி செயலியை கூகுள் கடையிலிருந்து தூக்கியபோதுதான் தேசமே கொதித்தது, அமைச்சர் தலையிட்டார், சில நாளில் திரும்ப வைத்தார்கள். சாதிக்கொரு வரன் தளம் நடத்தும் நிறுவனத்துக்கும் வாசலில் நிறுத்தப்படுவது வலிக்கிறது என்பது அப்போது தெரிந்தது.

அரசாங்கமும் போனுக்குள் குடியேறப் பார்க்கிறது. 2025 நவம்பர் 28 தேதியிட்ட உத்தரவில் தொலைத்தொடர்புத் துறை, எல்லா புதிய போன்களிலும் 'சஞ்சார் சாத்தி' செயலியை முன்கூட்டியே ஏற்றி விற்க வேண்டும், அதைச் செயலிழக்கச் செய்ய முடியாதபடி இருக்க வேண்டும் என்றது. விஷயம் வெளியே வந்து நாடு கத்தியது. டிசம்பர் 3இல் திரும்பப் பெற்றார்கள். இது நடுத்தர வர்க்கத்தின் போனுக்கு வந்த ஆபத்து என்பதால் மூன்று நாளில் தீர்ந்தது.

நம் ஆட்களின் உடம்பில் கருவியைக் கட்டியபோது இந்த வேகம் இல்லை. சண்டிகர், நாக்பூர், பஞ்ச்குலாவில் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டினார்கள். கழற்றினால் சம்பளம் பிடிக்கப்படும் என்ற பயத்தில் வீட்டுக்கும் கட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் எந்தச் சாதி என்று நான் சொல்லத் தேவையில்லை. ஹரியானாவில் 2021இல் ஆஷா பணியாளர்களுக்கு அரசு கொடுத்த போனில் தொலைவிலிருந்து கண்காணித்துக் கட்டுப்படுத்தும் செயலியை ஏற்றச் சொன்னார்கள். அந்தப் பெண்கள் தெருவுக்கு வந்து மறுத்தார்கள். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் தினமும் இரண்டு முறை செயலியில் படம் எடுத்தால்தான் வருகைப் பதிவு என்றார்கள். போன் பணித்தளப் பொறுப்பாளரின் சொந்தப் போன். வத்திராயிருப்பு பக்கம் மலையடிவாரத்தில் சிக்னல் இல்லாமல் போன நாளில் வெயிலில் மண் வெட்டியவளுக்குக் கூலி உண்டா என்று யாரைக் கேட்பது? 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே மாற்றி வேறு பெயர் வைத்துவிட்டார்கள். படம் எடுக்கும் பழக்கத்தை மட்டும் விடமாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் வேறு மாதிரி நடந்ததும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் குற்றம். 2006க்குப் பிறகான ஆண்டுகளில் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தவர் சி. உமாசங்கர் ஐஏஎஸ். தலித் அதிகாரி. அலுவலகக் கணினிகளை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றினார். உரிமக் கட்டணம் இல்லை, மென்பொருள் நம் கையில் என்பதை அரசு இயந்திரத்துக்குள் நின்று செய்துகாட்டினார். 2010இல் அவருடைய சாதிச் சான்றிதழ் போலி என்று சொல்லிப் பணியிடை நீக்கம் செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். பிற்காலத்தில் அவர் எடுத்த பாதை பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் கட்டற்ற மென்பொருளைப் பற்றிப் பேசினால் அது ஏதோ ஐடி கம்பெனிப் பையன்களின் பொழுதுபோக்கு என்று நம் இயக்கத் தோழர்களே சிரிப்பதால் சொல்கிறேன். தமிழ்நாட்டு அரசில் அதற்காக முதலில் தலையைக் கொடுத்தவர்களில் ஒருவர் நம்மாள்.

சரி, அப்படியென்றால் எல்லோரும் போனை ரூட் செய்துகொள்ளலாமே என்று கணினி படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார். செய்துபார்த்தால் தெரியும். லினேஜ் ஓஎஸ் மாதிரி வேறு இயங்குதளம் ஏற்றிய போனில் பல வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் 'உங்கள் கருவி பாதுகாப்பானதல்ல' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும். சுதந்திரமான போன் வேண்டுமா, பால்காரருக்குக் காசு கொடுக்க வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்தெடு. தனி ஒரு ஆளின் சாமர்த்தியத்தால் தீர்கிற பிரச்சினை இல்லை இது. பூட்டை உடைக்கத் தெரிந்த நாலு பேர் உள்ளே போய்விட்டால் ஊர் மாறிவிடாது.

ஆகவே கேட்க வேண்டியதை ரிசர்வ் வங்கியிடமும், அமைச்சகத்திடமும், மாநில அரசிடமும் கேட்போம். ஒப்புதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடனுக்காகப் போனைப் பூட்டத் தடை. விலைக்கு வாங்கிய கருவியின் சாவி வாங்கியவருக்கு. தன் இயங்குதளத்தை மாற்றியவருக்கு வங்கிச் சேவையை மறுக்கக் கூடாது. வேலைக்குச் செயலி கட்டாயம் என்றால் கருவியை வேலை கொடுப்பவர் தரட்டும், வேலை முடிந்ததும் அது அணைக்கப்படட்டும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கல்லூரியில் படிக்கும் தோழர்கள் ஒரு வேலை செய்யலாம். உங்கள் தெருவில் தவணையில் வாங்கிய போன்கள் எத்தனை, எத்தனை முறை பூட்டப்பட்டன, அன்றைக்கு என்ன இழந்தார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். நிறுவனத்தின் ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். பெயர் வேண்டாம், தேதியும் தொகையும் போதும். மனு கொடுக்கப் போகும்போது நம்மிடம் காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.

அந்தத் தங்கச்சிக்கு இன்னும் இரண்டு தவணை பாக்கி. கடைசித் தவணை கட்டிய பிறகும் அந்தச் செயலி போனுக்குள் அப்படியே இருந்த கதைகளை இரண்டு பேர் சொன்னார்கள் என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். "அப்ப நீங்களும் கடைக்கு வாங்கண்ணே, அவன் எடுத்துட்டானான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றாள். தேதி குறித்துவைத்திருக்கிறோம்.